ஒரே பேப்பருக்கு மூன்று பிரதிகள்: பணம் கட்டுவதற்கு முன் யாராவது சொல்லியிருக்கலாம்

சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக பி.எச்டி. செய்கிறவருக்கு ஆய்வைவிட ஆய்வுக்கட்டுரைகளைக் கையில் வாங்குவதே பெரும்பாடு. கைடு தலைப்பைச் சொல்லி "லிட்ரேச்சர் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். கோர்ஸ் ஒர்க்கில் புள்ளியியல் இருக்கும், ஆய்வு நெறிமுறைக்கு ஒரு தாள் இருக்கும். பணம் கேட்கும் பக்கம் வந்து வழியை மறித்தால் அடுத்து எங்கே போவது என்பது எந்தத் தாளிலும் இருக்காது. கேட்கலாம் என்றால் கூச்சம். "இதுகூடத் தெரியாமயா ரிசர்ச் பண்ண வந்தீங்க" என்ற பார்வைக்குப் பயந்து தனியாகவே தட்டுத்தடுமாறியதில் எனக்குப் பணமும் போனது, ஏறக்குறைய ஒரு கல்வியாண்டும் போனது. அடுத்து வருகிறவருக்கு அது மிச்சமாகட்டும்.

முதலில் பணக்கணக்கு. வெளியீட்டாளர் தளங்களில் ஒரு கட்டுரையின் விலை பெரும்பாலும் 30 முதல் 45 டாலர் வரை இருக்கும். 35 டாலர் என்றால் 3,000 ரூபாய்தானே என்று மனக்கணக்குப் போடுவோம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறும். வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஸ்டேட்மென்ட்டில் நிற்பது 3,500-க்கு மேல். இதைவிட மலிவாக ஒரு பொத்தான் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம், அது பெரும்பாலும் வாடகை: 24 அல்லது 48 மணி நேரம் திரையில் படிக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளவோ அச்செடுக்கவோ முடியாது. விலைகூட எனக்கு வலிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய அதே கட்டுரை, அதை எழுதியவரின் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடந்தது. திருட்டுப் பிரதியும் இல்லை, வெளியீட்டாளர் அனுமதித்த பிரதி. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் அடங்கச் சில நாள் ஆயிற்று.

அங்கிருந்துதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாம் 'பேப்பர்' என்று ஒருமையில் சொல்வது உண்மையில் மூன்று பிரதிகள். முதலாவது பிரிபிரிண்ட், அதாவது சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன் ஆசிரியரே பொதுவில் போட்டது. இரண்டாவது, மதிப்பீடு முடிந்து திருத்தங்கள் செய்து ஜர்னல் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் பிரதி. மூன்றாவது, ஜர்னலின் வடிவமைப்பு, தொகுதி எண், பக்க எண்ணோடு வெளியான இறுதிப் பிரதி. வெளியீட்டாளர் காசு கேட்பது இந்த மூன்றாவதற்கு மட்டுமே. பார்த்தவுடன் அடையாளம் காணலாம். இரண்டு வரி இடைவெளி, ஓரத்தில் வரி எண்கள், படங்கள் எல்லாம் கடைசிப் பக்கங்களில் குவிந்திருந்தால் அது முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்கும். களஞ்சியத்தின் முகப்புப் பக்கத்தில் 'அக்செப்டட் மேனுஸ்கிரிப்ட்' என்று எழுதியிருந்தால் இரண்டாவது. இரண்டு பத்தி அச்சமைப்பு, ஜர்னல் சின்னம், கீழே காப்புரிமை வரி, ஓடும் பக்க எண் இருந்தால் மூன்றாவது. எந்தப் பிரதியைப் படித்தோம், எந்தப் பிரதியை மேற்கோள் பட்டியலில் போடுகிறோம், எந்தப் பிரதியை அடுத்தவருக்கு அனுப்பலாம் என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

தேடும் முறைக்கு வருவோம். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கு மட்டுமே உரிய நிரந்தர அடையாள எண்ணைக் கண்டுபிடியுங்கள். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, நான்கோ ஐந்தோ இலக்கம், ஒரு சாய்கோடு, அதன்பின் ஒரு நீளமான கோவை என்று இருக்கும். அதை டி.ஓ.ஐ. தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒட்டினால் வெளியீட்டாளரின் பக்கத்துக்கு நேராகப் போகும். ஒட்டும்போது தவறுவது இங்கேதான்: பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்தால் வரி மடங்கிய இடத்தில் ஓர் இடைவெளி புகுந்துவிடும், அல்லது வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பழைய கட்டுரைகளின் எண்ணில் அடைப்புக்குறிகூட உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் எழுதிய, 'ராமச்சந்திரன் பிளாட்' என்று உலகம் சொல்லும் வரைபடத்துக்கு மூலமான கட்டுரையின் எண்ணில் நடுவே 63 என்பது அடைப்புக்குறிக்குள் நிற்கும். சில செயலிகள் அந்த அடைப்புக்குறியோடு இணைப்பை வெட்டிவிடும். திறக்கவில்லை என்றால் கட்டுரை இல்லை என்று முடிவுகட்டாமல், எண்ணை முழுதாக மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

பிரௌசரில் அன்பேவால் என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு பூட்டு தெரியும். பச்சையில் திறந்திருந்தால் எங்கோ சட்டப்படி ஓர் இலவசப் பிரதி இருக்கிறது, அழுத்தினால் போகும். சாம்பல் நிறம் என்றால் அதன் கண்ணில் எதுவும் படவில்லை. அப்போதும் விட்டுவிடாதீர்கள். கூகுள் ஸ்காலரில் தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடி, முடிவின் கீழே சின்ன எழுத்தில் வரும் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஆசிரியரின் சொந்தப் பக்கம், துறையின் பக்கம், மாநாட்டில் வாசித்த வடிவம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல்காரர்களுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் என்ற பிரிபிரிண்ட் தளம் போதும், அந்தத் துறைகளில் காசு கட்டுவது அநேகமாகத் தேவையே இல்லை. உயிரியலுக்குப் பயோஆர்க்கைவ், மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ். மருத்துவம் சார்ந்தவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச். நிதியில் நடந்த ஆய்வுகளின் ஏற்கப்பட்ட பிரதிகளை அங்கே போட வேண்டும் என்பது விதி. முன்பு 12 மாதம் வரை காத்திருக்க விட்டார்கள். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது.

நம் நாட்டு ஜர்னல்களை நாமே மறந்துவிடுகிறோம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களை அதன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சி.எஸ்.ஐ.ஆர். வெளியிடும் ஆய்விதழ்களுக்கு நிஸ்பர் நிறுவனத்தின் இணையக் களஞ்சியம் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆரின் மருத்துவ ஆய்விதழும் திறந்தே இருக்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற தளம். ஒரு தலைப்பில் யார் யார் வேலை செய்திருக்கிறார்கள் என்று அறிய, அண்மையில் வந்த ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைவிட நல்ல வரைபடம் கிடையாது. வரைபடமாக மட்டும் பாருங்கள், அதிலுள்ள மேற்கோள்களை அப்படியே அள்ளிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது 'ஒரே நாடு ஒரே சந்தா', அதாவது ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள். செய்தியைப் படித்துவிட்டு எல்லாம் திறந்துவிட்டது என்று கல்லூரிக் கணினியில் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. சுயநிதிக் கல்லூரி இதில் இல்லை. சென்னையைச் சுற்றி இத்தனை சுயநிதிக் கல்லூரிகள் இருக்கும்போது இது சின்ன விடுபாடு அல்ல என்பது என் கருத்து. ஆனால் ஒரு வழி இருக்கிறது. வேலை சுயநிதிக் கல்லூரியில் இருந்தாலும் பி.எச்டி. பதிவு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம். அப்படியானால் கேட்க வேண்டிய ஆள் உங்கள் கல்லூரி நூலகர் அல்ல, பதிவு செய்த பல்கலைக்கழகத்தின் நூலகர். பதிவு உத்தரவின் நகல், அடையாள அட்டை, கட்டண ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், வெளியிலிருந்து உள்நுழைவதற்கான இன்ஃபெட் கணக்கு ஆய்வு மாணவர்களுக்குத் தருகிறார்களா என்று கேளுங்கள். போனில் கேட்டால் 'பாக்கலாம்' என்பதோடு முடியும். கணக்கு கிடைக்காவிட்டாலும், நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்க அனுமதி கிடைக்கலாம். பல சந்தா ஒப்பந்தங்களில் நேரில் வந்து படிப்பவருக்கு இடம் உண்டு, முடிவு நூலகத்தின் கையில். அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான பி.டி.எஃப்.களை இறக்கத் தொடங்காதீர்கள். மொத்தமாக இறக்குவது தெரிந்தால் வெளியீட்டாளர் தளம் வளாகத்தின் இணைப்பையே முடக்கிவிடும். அதன்பிறகு நூலகர் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்.

1960கள், 70களின் இந்திய ஆய்விதழ்கள் பலவும் இணையத்துக்கே வரவில்லை. அவற்றுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களையும் பருவ இதழ்களையும் பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. இதழின் பெயர், ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். 'அந்தக் காலத்துல வந்த ஒரு கட்டுரை' என்று போய் நின்றால் ஊழியரால் எதுவும் செய்ய முடியாது.

இத்தனைக்கும் பிறகு கிடைக்காதது இருந்தால் ஆசிரியருக்கே மெயில் போடுங்கள். இதற்குத்தான் நம் ஆட்கள் ரொம்பத் தயங்குகிறார்கள். காசு கட்டாமலே தெரியும் சுருக்கப் பக்கத்தில், ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உறைப் படம் இருக்கும், அதை அழுத்தினால் முகவரி வரும். மெயிலின் தலைப்பில் கட்டுரையின் தலைப்பு. உள்ளே நான்கைந்து வரி: நீங்கள் யார், எந்த ஆய்வுக்கு வேண்டும், கட்டுரையின் ஆண்டும் டி.ஓ.ஐ. எண்ணும், இறுதிப் பிரதியை அனுப்ப இயலாவிட்டால் ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதி போதும் என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரி முக்கியம், ஒப்பந்தத்துக்குப் பயப்படுகிற ஆசிரியருக்கு அது ஒரு வழியைத் திறந்துவிடும். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம், எழுதியவர் பெண்ணாக இருக்கலாம். பேராசிரியர் என்று விளித்துக் குடும்பப்பெயரைச் சேர்த்தால் போதும். பழைய கட்டுரை என்றால் முகவரி செத்திருக்கும், மெயில் திரும்பி வரும். அப்போது முதல் ஆசிரியரைத் தேடுங்கள். பெரும்பாலும் அவர் அன்றைய ஆய்வு மாணவர், இன்று வேறெங்கோ வேலையில் இருப்பார், ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாளத் தளத்தில் அவருடைய பக்கத்தைப் பார்த்தால் இப்போதைய இடம் தெரியும். மாணவராக இருந்து கஷ்டப்பட்டவர் பேராசிரியரைவிட வேகமாகப் பதில் போடுவார் என்பது என் அனுபவம்.

சை-ஹப் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. காசு கேட்கும் கட்டுரைகளை வெளியீட்டாளரின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும், 2011இல் தொடங்கிய தளம். இந்தியாவில் மூன்று வெளியீட்டாளர்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயம் யார் பக்கம் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். வழக்கு தொடங்கிய பிறகு வந்த கட்டுரைகள் அதில் பெரும்பாலும் இல்லை, அதே பெயரில் உலவும் போலித் தளங்களைத் திறந்தால் கணினிக்கு ஆபத்து. இன்னொரு குறையைப் பலர் யோசிப்பதில்லை: அங்கிருந்து எடுத்த பிரதி உறைந்துபோன பிரதி. அதில் பின்னால் திருத்தம் வந்ததா, கட்டுரையே திரும்பப் பெறப்பட்டதா என்பது தெரியாது.

நம் கணினியில் கிடக்கும் எந்த பி.டி.எஃப்.புக்கும் இதே கதிதான். கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி லான்செட் இதழில் 2020 மே 22 அன்று ஒரு கட்டுரை வந்தது. மூலத் தரவை யாராலும் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் இறக்கி வைத்தவரின் பிரதியில் அந்தச் செய்தி ஏறாது. ஆகவே சினாப்சிஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறையும், தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறையும் மேற்கோள் பட்டியல் முழுவதையும் சோதிக்க வேண்டும். கட்டுரைப் பக்கத்தில் கிராஸ்மார்க் என்ற வட்டப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், திருத்தம், திரும்பப் பெறல் எல்லாம் காட்டும். இன்னும் சுலபமான வழி, மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் ஜொட்டெரோ மென்பொருள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு அது இணைந்திருப்பதால், உங்கள் தொகுப்பில் உள்ள ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். அதற்கு டி.ஓ.ஐ. எண் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

ஜொட்டெரோ இலவசம். அதன் சர்வரில் பி.டி.எஃப். வைக்க 300 எம்.பி. மட்டும்தான் சும்மா தருவார்கள். கோப்புகளைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொண்டு, மேற்கோள் விவரங்களை மட்டும் சர்வரோடு ஒத்திசைத்தால் அது தாராளம். கூகுள் ஸ்காலர் பக்கத்திலிருந்து விவரங்களைச் சேமிக்காதீர்கள். பெயர்கள் சுருங்கியிருக்கும், இதழ் எண் விடுபட்டிருக்கும், சில நேரம் ஆண்டே தப்பாக இருக்கும். மந்திரக்கோல் படமிட்ட பொத்தானை அழுத்தி டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுங்கள், அதுவே முழு விவரத்தையும் கொண்டுவரும். அப்போதும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். சென்னையின் பெருமைக்குரிய ஓர் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். காசநோயாளியை சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதும் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் பலனில் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் 21ஆம் தொகுதியில் வெளியானது. பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகப் படிக்கலாம். அதன் ஆசிரியர் ஒரு தனிமனிதர் அல்ல, டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர் என்ற நிறுவனம், இன்று சேத்துப்பட்டில் ஐ.சி.எம்.ஆரின் காசநோய் ஆய்வு நிறுவனமாக இருப்பது. மென்பொருளில் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரித்து வைத்தால் 'சென்டர்' குடும்பப்பெயராகி, மேற்கோள் பட்டியலில் 'சென்டர், டி.சி.' என்று ஒரு கற்பனை மனிதர் வந்து நிற்பார். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்ற வேண்டும். வைவாவில் இதைக் கண்டுபிடிக்கிற தேர்வாளர் மற்ற மேற்கோள்களையும் நோண்ட ஆரம்பிப்பார்.

இதோடு நம் இனிஷியல் சிக்கல் வேறு. கு. மீனாட்சி என்றொருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜர்னல் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். கடைசிப் பெயரில் 'கு' என்று போட்டால் உலகம் அவரை 'கு, மீ.' என்று மேற்கோள் காட்டும். அப்பா பெயரை விரித்துப் போட்டால் ஆய்வின் பெருமை முழுதும் அப்பாவுக்குப் போகும். இரண்டு கட்டுரையில் இரண்டு விதமாகப் போட்டால் தரவுத்தளம் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும், மேற்கோள் எண்ணிக்கையும் பிரிந்துபோகும். எந்த வடிவமானாலும் முதல் கட்டுரைக்கு முன்பே ஒன்றை முடிவுசெய்து, 16 இலக்க ஆர்கிட் எண்ணை எடுத்து, ஒவ்வொரு சமர்ப்பிப்பிலும் அதைக் கொடுத்துவிடுங்கள். எடுப்பதற்குக் காசு இல்லை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்வது என் சிபாரிசு. வெளிநாட்டு மாநாட்டுக்கு விசா கேட்கும் நாளில் உதவும்.

அடுத்தவர் ஆய்வேட்டிலிருந்து மேற்கோளை அள்ளக் கூடாது என்றேன். படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டுவது எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. எல்சேவியர் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் கட்டுரை வார்ப்புருவில், மேற்கோள் எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக வான் டெர் கீர் என்பவர் பெயரில் ஒரு மாதிரி மேற்கோள் இருந்தது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது, அந்த ஜர்னலும் கிடையாது. ஆனாலும் ஏறத்தாழ 400 கட்டுரைகளில் அது மேற்கோளாக ஏறியிருந்ததை 2017வாக்கில் கண்டுபிடித்தார்கள். இப்போது சாட்ஜிபிடி போன்றவை இதை மொத்த வியாபாரமாகவே செய்கின்றன: உண்மையான ஆசிரியர், உண்மையான ஜர்னல், இல்லாத கட்டுரை. டி.ஓ.ஐ. கூடக் கொடுக்கும். அதைத் திறந்து பாருங்கள். ஒன்று திறக்காது, இல்லையென்றால் சம்பந்தமில்லாத வேறொரு கட்டுரைக்குப் போகும். எண் திறந்ததோடு நிற்காமல் தலைப்பு, தொகுதி, பக்கம் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

எந்தப் பிரதியை மேற்கோள் காட்டுவது என்ற கேள்விக்கு என் பழக்கம் இது. ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைப் படித்திருந்தால் இறுதிப் பிரதியின் விவரத்தைப் போடலாம், உள்ளடக்கம் மதிப்பீடு தாண்டிவிட்டது. ஆனால் பக்க எண்ணோடு நேரடி மேற்கோள் எடுத்தால் இறுதிப் பிரதியைப் பார்த்தே ஆக வேண்டும். கையெழுத்துப் பிரதியில் 14ஆம் பக்கம் என்பது ஜர்னலில் 1187 ஆக இருக்கும். பிரிபிரிண்டைப் படித்திருந்தால் முதலில் அது பின்னால் வெளியாகிவிட்டதா என்று பாருங்கள், பயோஆர்க்கைவ் பக்கத்திலேயே 'இன்ன ஜர்னலில் வெளியாகியுள்ளது' என்று ஒரு வரி வரும். வெளியாகியிருந்தால் நீங்கள் எடுத்தாளும் எண் அங்கேயும் அதேதானா என்று ஒப்பிடுங்கள். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டதால் மாதிரி எண்ணிக்கையும் பி மதிப்பும் மாறிப்போவது சகஜம். வெளியாகவில்லை என்றால் பிரிபிரிண்ட் என்றே குறிப்பிட்டு, ஆர்க்கைவ் என்றால் எத்தனையாவது பதிப்பு என்பதையும் சேர்க்க வேண்டும்.

தமிழ் மூலங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சான பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வரும், தேடினாலும் சிக்காது. கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தால் படத்திலிருந்து எழுத்தை மீட்டுத் தரும். மெய்யெழுத்துப் புள்ளிகளையும் ர, ா குழப்பத்தையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

நம் ஆய்வேடு பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டும் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் காசை விட்டவர்கள் நிறைய. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை சிக்கலில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியே தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. மேற்கோள் பட்டியல், உரிய குறிப்போடு எடுத்தாண்ட பகுதி, நன்றியுரை, 14 சொற்கள் வரை தொடர்ந்து வரும் பொதுவான சொல்லடுக்கு ஆகியவை கணக்கில் சேராது. ரிப்போர்ட் எடுக்கிறவர் அந்த விலக்குகளைப் போட்டாரா என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். அதற்கு முன் ஜெராக்ஸ் கடையில், முகம் தெரியாத இணையதளத்தில் எல்லாம் அத்தியாயத்தை ஏற்றிப் பார்க்காதீர்கள். சில மென்பொருள்கள் ஏற்றியதைச் சேமித்துக்கொள்ளும். பிறகு பல்கலைக்கழகத்தில் ஏற்றும்போது உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக 90 சதவீதம் காட்டும். எங்கே பார்த்தாலும் சேமிக்காதபடி அமைப்பை மாற்றச் சொல்லி, மாற்றியதைக் கண்ணால் பாருங்கள்.

ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) ஜர்னல், ஏழு நாளில் அக்செப்டன்ஸ் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பணம் ஒரு தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, இன்னும் அதைக் காட்டுகிறவரை நம்ப வேண்டாம். ஸ்கோப்பஸின் மூலப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஜர்னலின் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை வைத்துத் தேடி, சேர்ப்பு நிறுத்தப்பட்டதா என்று பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது வெறும் அடையாள எண், தரச் சான்று அல்ல. உண்மையான ஜர்னலின் பெயரிலேயே போலித் தளமும் இருக்கும். தளத்தின் முகவரியைக் கூகுளில் எடுக்காமல் ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பகிர்வது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உட்பட ஒருவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. அதைக் காட்டி 200 பேர் உள்ள ஸ்காலர்ஸ் குரூப்பில் வெளியீட்டாளரின் பி.டி.எஃப்.பைப் போடுவது வேறு விஷயம். அங்கே டி.ஓ.ஐ. இணைப்பைப் போடுங்கள், கூடவே இலவசப் பிரதி இருக்கும் இடத்தையும் எழுதுங்கள். சி.சி. பை உரிமம் உள்ள கட்டுரை என்றால் தாராளமாகக் கோப்பையே அனுப்பலாம், பெயரைக் குறிப்பிட்டால் போதும். உங்கள் சொந்தக் கட்டுரைக்கும் இதே விதிதான், அதுதான் பலருக்கு அதிர்ச்சி. உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இறுதிப் பிரதி உங்களுடையது அல்ல. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்தின் மீது இரண்டு பெரிய வெளியீட்டாளர்கள் 2017இல் வழக்குப் போட்டது இதற்காகவே, 2023இல் சமரசமாக முடிந்தது. அங்கே இறுதிப் பிரதியைப் பொதுவில் ஏற்றாமல், கேட்கிறவருக்குத் தனியாக அனுப்புங்கள். சில வெளியீட்டாளர்கள் கட்டுரை வந்ததும் 50 நாள் எல்லாரும் திறக்கக்கூடிய இணைப்பு ஒன்றை ஆசிரியருக்கு அனுப்புவார்கள், அது வந்த அன்றே குரூப்பில் போட்டுவிடுங்கள். ஏற்கப்பட்ட பிரதியை எங்கே, எத்தனை மாதம் கழித்துப் போடலாம் என்பது ஜர்னலுக்கு ஜர்னல் மாறும். முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்து இப்போது ஓபன் பாலிசி ஃபைண்டர் எனப்படும் தளத்தில் ஜர்னல் பெயரைக் கொடுத்தால் சொல்லும். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.), உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.) நிதி வாங்கிய ஆய்வு என்றால் 2014 கொள்கைப்படி களஞ்சியத்தில் போடவே வேண்டும். இதற்கெல்லாம் அந்த இரண்டாவது பிரதி கையில் இருக்க வேண்டும். அக்செப்டன்ஸ் மெயில் வந்த அன்றே, கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பைப் படங்களோடு சேர்த்து ஒரே பி.டி.எஃப்.பாக்கி, முதல் பக்கத்தில் ஜர்னல் பெயரையும் ஏற்கப்பட்ட தேதியையும் எழுதி, உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஜர்னலின் சமர்ப்பிப்புத் தளத்தில் அது எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது.